உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கு எந்த நகவெட்டி?

● நாய்க்கு மொத்தம் 18 நகம். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்காலில் நான்கு நான்கு. ஆசிய யானைக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். 18 நகமுள்ள யானையை லட்சணமான யானை என்று பாகன்கள் சொல்வார்கள். கோவில் யானையின் நகத்தை அரம் போட்டுத் தேய்த்துச் சீர்செய்வது பாகனின் வழக்கமான வேலைகளில் ஒன்று. கல்தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் நாள் முழுக்க நின்றால், காட்டில் நடந்து தேய்வதுபோல நகம் தேயாது. வீட்டு வராண்டாவில் கட்டிக்கிடக்கும் நாயின் நிலைமையும் அதேதான். யானைக்குப் பாகன் இருக்கிறார், நாய்க்கு நாம்தான்.

● எங்கள் ஊர் ராயகிரியில் மலையடிவாரத் தோப்பில் காவலுக்குக் கிடக்கும் நாயையும், ஊருக்குள் டைல்ஸ் போட்ட வீட்டில் வளரும் நாயையும் அடுத்தடுத்து நிற்கவைத்துக் காலைப் பாருங்கள். தோப்பு நாய் கல்லிலும் சரளையிலும் ஓடுகிறது. அதன் நகம் நுனி மழுங்கி, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வீட்டு நாயின் நகம் நீண்டு வளைந்து, விரலை மேலே நெட்டிவிடும். ஒரே வயது, ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருந்தாலும் இந்த வித்தியாசம் வரும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காட்டில் திரியும் நாய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு: மண் மெத்தென்று இருப்பதால் நகம் அவ்வளவாகத் தேயாது, மழை பெய்துவிட்டால் களிமண் விரலிடுக்கில் அப்பிக்கொண்டு நகத்தையே மறைத்துவிடும். ஆகவே ‘மாதம் ஒருமுறை’ என்று எல்லா நாய்க்கும் ஒரே கணக்கு வைக்க முடியாது. நாய் சாதாரணமாக நிற்கும்போது நகம் தரையில் ஊன்றக்கூடாது, இதுதான் அளவு. டைல்ஸில் நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் வெட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. வீட்டோடு இருக்கும் நாய்களுக்குப் பொதுவாக மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

● சிறுத்தை வந்துவிட்டது என்று மலையடிவார ஊர்களில் அவ்வப்போது பேச்சு கிளம்பும். காலையில் வரப்பில் தடம் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது நகக்குறி. நாயால் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு விரல் தடத்துக்கும் முன்னால் சின்னப் புள்ளியாக நகம் பதிந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் புள்ளி தெரியாது, வழுக்கும் சேற்றில் எப்போதாவது தெரியலாம். மலைக்குள் இருக்கும் செந்நாய்க்கும் நகம் வெளியேதான். அதற்கு யாரும் வெட்டிவிடுவதில்லை, ஓட்டமே தேய்த்துவிடுகிறது.

● நீண்ட நகம் அழகுக் குறைச்சல் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நாய் உள்ளங்காலை ஊன்றி நடக்கும் பிராணி இல்லை, விரல்களில் நடப்பது. நகம் தரையில் இடித்தால் விரல் மேலே போகும், உடல் எடை பின்னால் சாயும், மணிக்கட்டு தொய்யும். வலிக்காமல் நடப்பதற்காக நாய் தான் நிற்கும் விதத்தையே மாற்றிக்கொள்ளும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்டக்கார நாய்களுக்கு இது பெரிய இழப்பு. நாலு கால் பாய்ச்சலில் இவற்றின் நான்கு கால்களும் ஒவ்வொரு வீச்சிலும் இருமுறை தரையை விட்டு எழும்பும், திரும்ப இறங்குவது இந்த விரல்களின் மேல்தான்.

● கருவி வாங்குமுன் நகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை. ஓட்டை எவ்வளவு வெட்டினாலும் நாய்க்குத் தெரியாது. உயிர்ச்சதையில் கத்தி பட்டால் துடித்துப்போகும். வெள்ளை நகமாக இருந்தால் செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தாலே போதும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திவிடலாம்.

கறுப்பு நகத்தில் டார்ச் உதவாது. அதற்கு வழி வெட்டுமுகத்தைப் பார்ப்பதுதான். நுனியில் மெல்லிய சீவலாக ஒன்று எடுங்கள். வெட்டிய முகம் காய்ந்து, சுண்ணாம்புபோல வெளிறி, கொஞ்சம் பொடிப்பொடியாக இருக்கும். இன்னொரு சீவல் எடுங்கள். இப்போது முகம் வழவழப்பாகி, நடுவில் சாம்பல் நிறத்திலோ கருமையாகவோ ஒரு சின்ன வட்டம் தோன்றும். லேசாக ஈரப்பசை இருப்பதுபோல மினுங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அடுத்த சீவலில் ரத்தம். நகத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாலும் ஒரு குறிப்பு கிடைக்கும்: வளர்ந்த நுனியின் அடியில் ஓடைபோல் பள்ளம் இருக்கும். பள்ளம் இருக்கிற வரை வெட்டலாம், பள்ளம் நிறைந்து நகம் தடிக்கும் இடத்தில் உயிர்ச்சதை நெருங்கிவிட்டது.

● நம் வீட்டு நெயில் கட்டரை நாய்க்குப் போடக்கூடாது என்பதற்கு அருவருப்பு காரணமில்லை. மனித நகம் தட்டையானது, நெயில் கட்டரின் வாய் அதற்கேற்ப அகலமாக, ஆழமில்லாமல் செய்யப்பட்டது. நாய் நகமோ பக்கவாட்டில் ஒடுங்கிய, வளைந்த கூம்பு. அந்த வாய்க்குள் கொடுத்து அழுத்தினால் நகம் வெட்டுப்படுவதற்கு முன் நசுங்கும். நசுங்கிய நகம் நெடுக்குவாட்டில் பிளந்து, பிளவு உயிர்ச்சதை வரைக்கும் ஓடும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: இரண்டு, மூன்று வாரக் குட்டிகள். அந்த வயதில் நகம் குண்டூசி முனைதான். பால் குடிக்கும்போது தாயின் மடியைக் கீறிப் புண்ணாக்கும். ராஜபாளையம் பக்கம் குட்டி எடுப்பவர்கள் நெயில் கட்டரைப் பக்கவாட்டில் பிடித்து நுனியை மட்டும் கிள்ளிவிடுவார்கள். தாய் நாய்க்கு அது பெரிய நிம்மதி.

● கடையில் நாய்க்கென்று விற்கும் நகவெட்டிகள் முக்கியமாக மூன்று வகை. அவற்றுள் வளையம் வைத்தது முதல் வகை. நகத்தை வளையத்துக்குள் நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால் ஒற்றைக் கத்தி மேலேறி நறுக்கும். பொமரேனியன், டாஷ்ஹண்ட் போன்ற சிறு நாய்களுக்கு நல்ல கருவி, கத்தி மழுங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் தடித்த நகம் வளையத்துக்குள் சிக்கும், இல்லையென்றால் நசுங்கும். சுருண்டு வளர்ந்த நகத்தின் நுனி வளையத்துக்குள் நுழையவே நுழையாது. பெரிய நாய் வைத்திருப்பவர்கள் இதை வாங்கிவிட்டு, ‘நாய் வெட்டவிட மாட்டேங்குது’ என்று நாயைக் குறை சொல்வது நியாயமில்லை.

● இரண்டாவது வகை, குறடு மாதிரி இரண்டு வளைந்த அலகும் ஸ்பிரிங்கும் வைத்தது. நம் பக்கத்து நாய்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ராஜபாளையம், கோம்பை, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாவற்றின் நகத்துக்கும் இதுவே ஈடுகொடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அலகு வருவதால் நசுங்குவதில்லை. கை நீளமாக இருப்பதால் அதிக அழுத்தமும் தேவையில்லை, பெண்களும் வயதானவர்களும் ஒரே அழுத்தில் வெட்டிவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. அலகின் நடுவில் உள்ள பிறைவடிவப் பள்ளம் உங்கள் நாயின் பெரிய நகத்தைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். ரொம்பப் பெரிதாக வாங்கினால் சின்ன நகம் வழுக்கும், எங்கே வெட்டுகிறோம் என்று கண்ணுக்கும் தெரியாது. கைப்பிடியில் ரப்பர் ஒட்டியிருந்தால் வியர்த்த கையிலும் நழுவாது, எங்கள் ஊர் வெயிலுக்கு அது அவசியம். வேலை முடிந்ததும் மூடிவைக்கப் பூட்டு இருக்க வேண்டும். சிலவற்றில் அலகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு இருக்கும், ‘இதற்கு மேல் வெட்டுப்படாது, பயமில்லை’ என்று சொல்லி விற்பார்கள். அந்தத் தகட்டை நம்பாதீர்கள். உயிர்ச்சதை எவ்வளவு நீளம் இருக்கிறது என்பது தகட்டுக்குத் தெரியாது. நாய்க்கு நாய் மாறும், ஒரே நாயில் விரலுக்கு விரல் மாறும். தகட்டைத் திருப்பி ஒதுக்கிவிட்டு, கண்ணால் பார்த்து வெட்டுவதே பத்திரம். விலையும் அதிகமில்லை, சில நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும்.

● “அண்ணாச்சி, இத வெட்டிப் பாத்து வாங்கலாமா?” என்று கடையில் தாராளமாகக் கேளுங்கள். போகும்போது விளக்குமாற்றிலிருந்து நாலைந்து தென்னை ஈர்க்கை உருவி எடுத்துப்போனால் போதும். புதுக் கருவியால் ஈர்க்கைக் குறுக்கே வெட்டுங்கள். நல்ல அலகு ‘டிக்’ என்று ஒரே சத்தத்தில் துண்டாக்கும், வெட்டிய முனை வட்டமாக, சிம்பு இல்லாமல் இருக்கும். மட்டமான அலகு ஈர்க்கை மடக்கும், முனையில் நார் நாராகத் தொங்கும். நகத்தையும் அப்படித்தான் நசுக்கும் என்று முடிவு செய்துகொள்ளலாம். பிறகு அலகை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு அலகும் சேரும் இடத்தில் வெளிச்சம் கசிந்தால் வேறொன்றைக் கேளுங்கள். அண்ணாச்சி கோபிக்க மாட்டார்.

● மூன்றாவது வகை, மோட்டார் வைத்துத் தேய்ப்பது. இதன் பூர்வீகம் நாய்க்குச் சம்பந்தமே இல்லாத தொழில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ராசின் என்ற ஊரில் ஆல்பர்ட் டிரெமல் 1932-இல் தொடங்கிய நிறுவனம், கைக்கு அடக்கமான சுழலும் கருவிகளைச் செய்தது. மரத்தில் சிற்பம் செதுக்கவும், உலோகத்தை மெருகேற்றவும் பயன்பட்டவை அவை. அதையே நாய் நகத்துக்கும் வைத்துப் பார்த்தார்கள், வசதியாக இருந்தது. 1993-இல் ஜெர்மனியின் பாஷ் அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்றைக்கு சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் சின்னச் சின்னத் தேய்ப்பான்கள் எத்தனையோ கம்பெனிகளின் பெயரில் வருகின்றன.

இதில் ரத்தம் வரும் வாய்ப்பு குறைவு, கறுப்பு நகத்துக்கும் முறுகித் தடித்த கிழட்டு நாயின் நகத்துக்கும் மிகவும் தோது. வெட்டிய பிறகு கூர்விளிம்பை மழுக்கவும் உதவும், சோபாவும் நம் தொடையும் தப்பும். ஆனால் மூன்று சங்கதியைக் கவனிக்க வேண்டும். ஒன்று சூடு: ஒரே இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் நகம் சுடும், நாய் அதற்குப்பிறகு அந்தக் கருவியைக் கண்டாலே ஓடும். தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். இரண்டு முடி: ஷிட்ஸு, பொமரேனியன் போன்றவற்றின் பாதமுடி சுழலும் உருளையில் சிக்கினால் தோலோடு இழுத்துவிடும். பழைய நைலான் காலுறையைப் பாதத்தில் மாட்டி, நகத்தை மட்டும் அதைத் துளைத்து வெளியே எடுத்துவிட்டால் முடி உள்ளே அடங்கிவிடும். குட்டை முடி கொண்ட நம் நாட்டு நாய்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று தூசி: நகப்பொடி மூக்கிலும் கண்ணிலும் போகும், முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது, வெளித்திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம்.

● நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேச்சு வந்ததால், அந்த இனங்களுக்குக் கிடைத்த மரியாதைகளையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல்துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் ஆகியவற்றோடு நான்காவதாக நின்றது நம் ராஜபாளையம். 2020 ஆகஸ்ட் 30 அன்று ‘மன் கி பாத்’ வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, உள்நாட்டு நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவள நிறுவனம் பதிவுசெய்திருக்கும் நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் அரசின் கால்நடைத் துறையே இந்த இனங்களைப் பெருக்க ஒரு பிரிவு நடத்திவந்தது. ராயகிரியிலிருந்து ராஜபாளையம் பக்கம்தான். ஆகவே இந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு, அந்த நாயின் காலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு.

● இனத்தைப் பார்த்தே கருவியை ஓரளவு முடிவுசெய்யலாம். ராஜபாளையம் பால்வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. நகமும் பெரும்பாலும் வெளிறியிருக்கும், உயிர்ச்சதை கண்ணுக்குத் தெரியும். குறடு வகை ஒன்றே போதும். கன்னியும் கோம்பையும் பெரும்பாலும் கருநகக்காரர்கள். குறடால் நுனியை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தேய்ப்பானில் முடிப்பது உத்தமம். பல நாய்களில் ஒரே காலில் வெள்ளை நகமும் கறுப்பு நகமும் கலந்திருக்கும். வெள்ளையை முதலில் வெட்டி, அதே நீளத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டு பக்கத்துக் கறுப்புக்குப் போங்கள்.

● வெள்ளை ராஜபாளையங்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. உடம்பில் நிறமி இல்லாததோடு சேர்ந்து வரும் குறை அது. அப்படிப்பட்ட நாய்க்குத் தேய்ப்பானின் இரைச்சல் பயம் கிடையாது, ஆனால் அதிர்வு திடீரென்று காலில் ஏறினால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். பின்னாலிருந்து தொடக்கூடாது. முன்னால் வந்து முகம் காட்டி, கருவியைக் காட்டி, ஓடாத கருவியால் காலைத் தடவி, அதன் பிறகே சுவிட்சைப் போட வேண்டும். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

● அதிகக் காசு செலவில்லாத கருவி ஒன்று உண்டு. அரையடி அகலத்தில், முழங்கை நீளத்தில் ஒரு பலகை. ஹார்டுவேர் கடையில் 80-ஆம் நம்பர் உப்புத்தாள் வாங்கி அதில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. சாய்த்துப் பிடித்து, பலகைக்கு அடியில் ஒரு கறித்துண்டை வைத்தால் நாய் பிறாண்டும். பிறாண்டியதும் கறியைக் கொடுத்துவிட வேண்டும். சில நாளில் பலகையைக் கண்டதும் தானே பிறாண்டித் தேய்த்துக்கொள்ளும். நகம் வெட்டவே விடாத நாய்க்கு இது அருமையான வழி. முன்னங்கால் நகத்துக்குத்தான் நன்றாக உதவும். உள்ளங்காலில் உப்புத்தாள் உராய்ந்து சிவக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

● மறந்துபோகும் நகம் ஒன்று உண்டு. முன்னங்காலின் உள்பக்கம், மற்ற விரல்களுக்குச் சற்று மேலே, தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் நகம். நடக்கும்போது அது தரையைத் தொடுவதில்லை, ஆகவே தானாகத் தேய்வதும் இல்லை. தோப்பெல்லாம் ஓடித் திரிகிற நாய்க்கும் இந்த நகம் மட்டும் வளரும். வளைந்து வளைந்து வட்டமாகி, கடைசியில் தன் சதைக்குள்ளேயே குத்தி இறங்கிப் புண்ணாகிச் சீழ்பிடிக்கும். நாய் நொண்டும், வீட்டார் முள் குத்தியிருக்கும் என்று பாதத்திலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். தேவையில்லாத விரல் என்றும் நினைக்க வேண்டாம். பாய்ச்சலில் திடீரென்று திரும்பும்போது கால் முறுக்கிக்கொள்ளாமல் தரையைப் பற்றுவது அந்த விரல்தான். வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். இதற்கும் குறடு வகையே தோது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்கு மட்டும் இந்த விரலே கிடையாது, மொத்தம் 16 நகம்தான்.

● காளைக்கு லாடம் கட்டும்போது கயிறு போட்டுக் கீழே சாய்த்துக் காலைக் கட்டுவார்கள். நாயை அப்படிச் செய்துவிடாதீர்கள். ஒருமுறை கட்டிப்போட்டு வெட்டினால் வாழ்நாள் முழுக்கக் காலைத் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். நாய் நின்றபடியே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, காலை மடக்கிப் பின்பக்கமாகத் தூக்கினால் பாதத்தின் அடி நம்மைப் பார்க்கும், நகத்தின் பள்ளமும் தெரியும். பக்கவாட்டில் விலக்கி இழுத்தால்தான் மூட்டு வலித்து உதறும். எதிரே இன்னொருவர் அவித்த முட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் காரியம் சுலபம். குளிப்பாட்டிய கையோடு வெட்டினால் நகம் ஊறி மெத்தென்று இருக்கும். ஒரே நாளில் 18-ஐயும் முடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

● ரத்தம் வந்துவிட்டால் பதறாதீர்கள். பார்க்க நிறைய வருவதுபோல இருக்கும், ஆபத்து அநேகமாக இல்லை. சுத்தமான துணியால் நுனியை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், முக்கால்வாசி வேலையை அந்த அழுத்தமே செய்துவிடும். சலூனில் சவரம் முடிந்து கன்னத்தில் தடவுகிறார்களே, அதே படிகாரம் இதற்கும் ஆகும். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிப் பொடித்து ஒரு டப்பாவில் போட்டு நகவெட்டியோடு வைத்துவிடுங்கள். பொடியை நுனியில் ஒற்றி அழுத்தினால் ரத்தக் குழாய் சுருங்கி உறையும். படிகாரம் கைவசம் இல்லாத நேரத்தில் சோளமாவு உதவும். வெட்டிய அன்று சகதியில் இறக்காமல் இருந்தால் போதும்.

பத்து, இருபது நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லையென்றால் அது நகத்தின் சங்கதி இல்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும், உண்ணி மொய்க்கும் நம் ஊரில் இது சர்வசாதாரணம். டாபர்மேன் இனத்தில் ரத்தம் உறையாத பரம்பரைக் குறையும் உண்டு. சின்ன நகக்காயத்தில் ரத்தம் நிற்காமல் போவதே சில நேரம் முதல் அறிகுறி. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

● ரொம்ப நாள் வெட்டாமல் விட்ட நகத்தில் உயிர்ச்சதையும் நகத்தோடு சேர்ந்து நீண்டிருக்கும். ஒரே வெட்டில் பழைய நீளத்துக்குக் கொண்டுவர முடியாது. வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் உயிர்ச்சதை மெல்லப் பின்வாங்கும். சில மாதத்தில் நகம் ஒழுங்கான நீளத்துக்கு வந்துவிடும். இதற்குத் தேய்ப்பான் கைகொடுக்கும்.

● நகவெட்டி வாங்குமுன் தடுப்பூசிக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல். பயந்த நாய் பல்லையும் நகத்தையும் காட்டும். கடித்தாலோ ரத்தம் வரும்படி கீறினாலோ, சொந்த நாய்தானே என்று விட்டுவிடக்கூடாது. குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அங்கே ஊசி இலவசம். கடிக்கும் சுபாவமுள்ள நாய்க்குக் கூடை மாதிரி வாய்க்கவசம் மாட்டிக்கொண்டு வெட்டலாம். துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் இந்த வெயிலில் இளைக்க முடியாமல் திணறும்.

● மழுங்கிய அலகுதான் நாயைப் பயமுறுத்தும் முதல் எதிரி. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்து, திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடிவையுங்கள். அதை வைத்துக் கம்பியோ பிளாஸ்டிக்கோ வெட்டக்கூடாது. ஒரே வீட்டில் இரண்டு நாய் இருந்து ஒன்றுக்குப் படர்தாமரை வந்திருந்தால் கருவியைப் பொதுவில் வைக்க வேண்டாம். ஈர்க்கு வெட்டிப் பார்க்கும் சோதனை பழைய கருவிக்கும் செல்லும். குறடு வகையில் அலகு மழுங்கினால் புதிதாக வாங்குவதே நல்லது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பிறை வளைவு போய்விடும்.

● நகம் வெட்டும் நேரத்தில் விரலிடுக்கையும் விரித்துப் பார்த்துவிடுங்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே நிற்கும், உண்ணி ஒளிந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் ஏறிப் படுக்கும் நாய்க்கு நீண்ட நகம் கயிற்றில் மாட்டி, குதித்து இறங்கும்போது வேரோடு பெயர்ந்துவிடுவது உண்டு. பாதி பெயர்ந்து தொங்கும் நகத்தை வீட்டில் பிடுங்காதீர்கள், மரத்துப்போக ஊசி போட்டு எடுக்க வேண்டிய வலி அது. அடிபடாமலே ஒன்றன்பின் ஒன்றாக நகங்கள் பிளந்து கழன்றாலும், நகத்தைச் சுற்றி வீங்கி நாற்றமடித்தாலும் அது நகவெட்டியால் தீராது. அதற்குள் என்ன நோய் என்று பார்க்கக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

● எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே பாதத்தைத் தொட ஆரம்பியுங்கள். விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து, விட்டு, தீனி கொடுக்க வேண்டும். நாலு நாள் கழித்து நகவெட்டியைப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்க விடுங்கள். அடுத்து, குட்டியின் காதுபட ஈர்க்கை வெட்டி அந்த ‘டிக்’ சத்தத்துக்கு ஒரு துண்டு முட்டை. அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு நகம், நுனி மட்டும். தேய்ப்பான் வாங்கியிருந்தால் முதலில் அடுத்த அறையில் ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்குங்கள். இதையெல்லாம் வீட்டில் ஒருவரே செய்யாமல், அம்மாவும் பிள்ளைகளும் மாறி மாறிச் செய்தால், பிறகு யார் காலைப் பிடித்தாலும் குட்டி கொடுக்கும்.